பள்ளத்தின் மேல் போட்ட பழி

குளத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையின் நடுவில் ஒரு காட்டுப்பன்றி பள்ளம் தோண்டியது. மண்ணுக்குள்ளிருந்து வள்ளிக்கிழங்கு வாசம் வந்தால் பன்றிக்குப் பாதையாவது ஒன்றாவது! கிழங்கைத் தின்று முடித்ததும் அதற்குத் தூக்கம் வந்தது. தோண்டியவர் பள்ளத்தின் மேல் ஒரு முள்கிளையை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அந்தக் காட்டின் வழக்கம். "எழுந்து வந்து போட்டுக்கலாம்," என்று பன்றி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சேற்றில் போய்ப் படுத்தது.

வெயில் ஏறியதும் ஒரு புள்ளிமான் தண்ணீர் குடிக்க அந்த வழியே வந்தது. இலுப்பை மரத்தில் ஒரு குரங்கு கிளைகளை உலுக்கிப் பூக்களை உதிர்த்துக்கொண்டிருந்தது. மான் அண்ணாந்து பார்த்தபடி, விழுகிற பூவை வாயில் பிடித்துக்கொண்டே நடந்தது.

"ஏம்மா, முன்னாடி பள்ளம் இருக்கு. பார்த்து வா," என்று ஆட்காட்டிக் குருவி கத்தியது.

"பிறந்ததிலிருந்து நான் நடக்கிற பாதை இது. நீ போய் உன் முட்டையைப் பாரு," என்றது மான்.

அடுத்த அடியில் அது பள்ளத்துக்குள் கிடந்தது. முன்னங்கால் ஒடிந்துவிட்டது.

மிச்சமிருந்த மூன்று காலால் எப்படியோ மேலேறி வந்து மரத்தடியில் சாய்ந்தது. அது கோடைக்காலம். சுற்றிலும் புல் கருகிக் கிடந்தது. கால் கூடும்வரை யாராவது இரை கொண்டுவந்து போடாவிட்டால் மான் பிழைக்காது.

அதற்கும் அந்தக் காட்டில் ஒரு முறை உண்டு. யாரால் காயம் பட்டதோ அவர் காலையிலும் மாலையிலும் இரை கொண்டுவர வேண்டும். காயம் பட்டவர் மேலும் தவறு இருந்தால் அதற்கேற்ப இரை குறையும். பிணக்கு வந்தால் காட்டெருமைப் பெரியம்மா தீர்த்துவைப்பாள்.

பன்றி தூங்கி எழுந்து வந்து பார்த்துப் பதறிப்போனது. குளக்கரைக்கு ஓடி, ஒரு வாய்ப் புல்லைக் கவ்வி வந்து மானின் முன்னால் போட்டது.

"முள்ளு போடாம போயிட்டேன் தாயி. கால் சரியாகுற வரைக்கும் நான் கொண்டு வரேன்."

மானுக்கும் மனம் இளகியது. "நானும் மேலே பார்த்துக்கிட்டு..." என்று அது தொடங்குவதற்குள் புதருக்குப் பின்னாலிருந்து ஒரு நரி இருமியது. மானைத் தனியாக அழைத்துப் பேச வேண்டும் என்றது. பன்றி ஒதுங்கிப் போனது.

"தங்கச்சி, வாயை விட்டுடாதே," என்றது நரி. "உன் மேல தப்புன்னு ஒரு வார்த்தை வந்தா, பாதி இரை போச்சு. பள்ளம் கண்ணுக்கே தெரியலைன்னு சொல்லு. வழக்கை நான் பார்த்துக்கிறேன். கூலியைப் பிறகு பேசிக்கலாம்."

அதே நரி அன்று மாலையே சேற்றுப் பக்கம் போனது.

"என்ன அண்ணாச்சி, மழைக்காலம் வரைக்கும் புல்லு சுமக்கப் போறீங்களா? அவ்வளவு பெரிய பள்ளம் குருடனுக்கும் தெரியுமேன்னு ஒரே போடாப் போடுங்க. உங்களுக்காகப் பேசவும் நானே வரேன்."

புல் சுமந்து பன்றிக்கு ஏற்கெனவே வாய் வலித்தது. நரி சொன்னது அதற்கு நியாயமாகவே பட்டது. அன்றோடு புல் வருவதும் நின்றது.

வழக்கு நடந்தது. மான் கூப்பிட்டால் நரி மானுக்காகப் பேசியது. பன்றி கூப்பிட்டால் பன்றிக்காகப் பேசியது. எப்படிப் பேசினாலும் முடிவில், "இதை நாளைக்குப் பேசலாம் பெரியம்மா," என்றது. நாளுக்கு நாள் மானின் விலா எலும்பு வெளியே தெரிந்தது. நரி மட்டும் மிகுந்த அக்கறையோடு தினமும் வந்து அதன் தொடையைப் பார்த்துவிட்டுப் போனது.

கடைசியில் காட்டெருமைக்குப் பொறுமை போய்விட்டது.

"பன்றி, உன் மேல தப்பு இருக்கா?"

"துளியும் இல்ல பெரியம்மா."

"மானே, உன் மேல?"

"இல்லவே இல்ல பெரியம்மா."

"நல்லது. ரெண்டு பேர் மேலயும் தப்பில்லைன்னா பள்ளத்து மேலதான் தப்பு. தினமும் ரெண்டு வேளை பள்ளமே இரை கொண்டு வரட்டும்."

தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் பெரியம்மா குளத்தை நோக்கி நடந்தாள். கூட்டம் கலைந்தது. பள்ளம் எதுவும் கொண்டுவரவில்லை. நரி மட்டும் போகாமல் மானுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"வழக்கு முடிஞ்சுது தங்கச்சி. என் கூலியைப் பேசலாமா?"

"என்கிட்ட என்ன இருக்கு அண்ணே?"

நரி மானைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்துவிட்டு உதட்டை நக்கியது.

"பெரியம்மா!" என்று மான் அலறியது. "நான் மேலே பார்த்துக்கிட்டுத்தான் நடந்தேன்! குருவி சொல்லியும் கேக்கல! என் மேலயும் தப்பு இருக்கு!"

திரும்பிப் பார்த்த பன்றிக்கு எல்லாம் விளங்கியது. வெட்கத்தில் அதன் காது தொங்கிப்போனது. "முள்ளு போடாதது நான்தான் பெரியம்மா," என்றது.

காட்டெருமை திரும்பி வந்தாள். கொம்பைக் கண்டதும் நரி எழுந்து தள்ளி நின்றது.

"இதை முதல் நாளே சொல்லியிருந்தா நான் இவ்வளவு பேச்சுக் கேட்டிருக்க வேண்டாம்," என்றாள் அவள். "ரெண்டு பேர் மேலயும் சரிபாதி தப்பு. காலையில பன்றி இரை கொண்டு வரட்டும். மாலை இரை மானோட பாடு. கால் கூடுற வரைக்கும் அவள் என் மந்தைக்குள்ள படுத்துக்கட்டும்."

மறுநாள் காலையில் பன்றி ஈரப் புல்லோடு வந்தது. மாலையில் குரங்கு மனமிரங்கிப் பூ உதிர்த்தால் உண்டு, இல்லாவிட்டால் பட்டினிதான். மான் வயிறு நிறைந்து படுத்த நாள் குறைவு. ஆனாலும் அது உயிரோடு இருந்தது. அரை இரை தருவது மாபெரும் அநியாயம் என்று நரிதான் காடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது.

தன் பங்குத் தவற்றை ஒப்புக்கொள்ள மறுப்பவர், பிறர் தவற்றுக்காகத் தனக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியதையும் இழப்பார்.