விழப்போகும் மரத்தடியில் ஒரு கார்

மரத்துக்கு வைத்தியர் என்று சொல்லிக்கொண்டு எவன் வந்தாலும் முதலில் அவன் கையில் ரம்பம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரப் பராமரிப்புக் கம்பெனி முதலாளி சிங்கராயர் எங்கள் மலையூருக்கு நோட்டீஸோடுதான் வந்தார். "நோயாளி மரங்களை வெட்டினால்தான் காடு பிழைக்கும்" என்றது நோட்டீஸ். சும்மா விட்டாலே பிழைக்கும் என்றது ஊர். வெட்ட அனுமதி கொடுக்க ரேஞ்சரும் வந்திருந்தார்.

உச்சி வெயில். முதலாளி ஓடைக்கரை நாவல் மரத்தைத் தட்டினார். "உள்ள உளுத்துப்போச்சு. இன்னிக்கோ நாளைக்கோ விழுந்துடும். இல்லைன்னு எவனாவது இப்பவே நிரூபிங்க, பார்ப்போம்!"

விறகு பொறுக்கும் குருவாத்தா முன்னால் வந்தாள். "நான் என்னத்தைங்க நிரூபிக்கிறது? விழப்போற மரத்தடியிலயா புதுக் காரை நிறுத்துவீங்க?"

ரேஞ்சர் காரைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

முதலாளிக்கு முகம் சுண்டிப்போனது. "டிரைவர், காரை எடுத்து அந்த மண்மேட்டுல விடுடா!"

"அங்க நிழல் கிடையாதுங்க" என்றாள் குருவாத்தா. "அதுக்கு மேல இருக்கறது, போன வருஷம் நீங்க வைத்தியம் பார்த்த காடு. மழையில அங்கிருந்து சரிஞ்ச மண்ணுதான் அந்த மேடு. எங்கண்ணன் குடும்பம் அதுக்கடியிலதான் கிடக்கு. கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லுங்க."