வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்

மடத்துக்கு வந்து சேர்ந்தபோதே தாண்டவனுக்குப் பாதித் தலை நரைத்திருந்தது. உப்பு வண்டி ஓட்டிய ஆள். குரு அம்பலவாணருக்கும் ஏறக்குறைய அதே வயது.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோன்பு ஏற்பவர் அது என்ன நோன்பு என்று சன்னதியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னதும் குரு மஞ்சள் கயிற்றை எடுத்து மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக் காப்புக் கட்டுவார். சொன்னது நிறைவேறும்வரை காப்பு இறங்கக் கூடாது. தைப்பூசம் வரை மடத்து வாய்க்காலைத் தாண்ட மாட்டேன் என்று தாண்டவன் சொல்லியிருந்தான்.

அம்பலவாணரின் நோன்புகள் பல. உப்புச் சேர்க்க மாட்டார். செருப்பு அணிய மாட்டார். வெள்ளிக்கிழமை பேச மாட்டார். இடக்கையை எப்போதும் துண்டால் மூடியே வைத்திருப்பார். பழைய காதலியின் பெயரை அங்கே பச்சை குத்தியிருக்கிறார் என்று சீடர்கள் கேலி பேசுவார்கள். என் வண்டி தேவைப்படாத மனிதர் உலகத்தில் இவர் ஒருவர்தான் என்று தாண்டவனும் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

மார்கழியில் ஊர்க்காரர் ஒருவர் அக்கரையில் வந்து நின்றார். தாண்டவனின் அண்ணனுக்கு மூச்சு இழுக்கிறது, தம்பி முகத்தைப் பார்க்காமல் போக மாட்டேன் என்கிறார் என்று சொன்னார். உப்பளத்து வரப்புத் தகராறில் அண்ணனும் தம்பியும் பேச்சை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

தாண்டவன் தண்ணீர் ஓரம் வரை போனான். கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான். திரும்பி வந்து குருவின் முன் நின்றான்.

"போனால் என் சொல் போகும். போகாவிட்டால் அண்ணன் போய்விடுவார். நோன்பு என்றால் இதுதானா, சாமி?"

"கையைக் காட்டு."

அம்பலவாணர் காப்பை அவிழ்த்தார். நோன்பு முறிந்தது என்று எண்ணித் தாண்டவன் கண்ணை மூடிக்கொண்டான். அவரோ கயிற்றை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் தம் துண்டை விலக்கினார்.

"எனக்குக் கட்டு. தைப்பூசம் வரை நான் வாய்க்காலைத் தாண்ட மாட்டேன்."

எங்கே கட்டுவது? மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கயிறுகள். மஞ்சள் போய் வெளுத்தவை, நார்நாராய்ப் பிரிந்தவை. விரல் வைக்க இடமில்லை.

அவர் ஒவ்வொன்றாய்த் தொட்டுச் சொன்னார். உப்பு, தாய்க்குக் கண் போனதால் ஊர் திரும்பிய ஒரு தறிக்காரருடையது. செருப்பு, கணவன் வந்து அழைத்துப்போன ஒரு பெண்ணுடையது. வெள்ளிக்கிழமை மௌனத்தை ஏற்றவர் அந்த ஆடியிலேயே காய்ச்சலில் போய்விட்டார். முதல் இரண்டும் ஆயுளுக்கும், மௌனம் இருபது வருடத்துக்கும் என்று சொல்லப்பட்டவை.

உப்பில்லாத கஞ்சியை அவர் குடிப்பதைத் தாண்டவன் தினமும் பார்த்திருக்கிறான். தான் சொல்லிச் சிரித்ததும் இப்போது நினைவுக்கு வந்தது.

முழங்கைக்கு மேலே கட்டினான். அங்கே கயிறு ஒரு சுற்றுக்குத்தான் எட்டியது.

"சாமிக்கென்று சொந்தமாக ஒரு நோன்பும் இல்லையா?"

எல்லாவற்றுக்கும் அடியில், மணிக்கட்டோடு ஒட்டிக் கறுத்துப்போயிருந்த ஒரு கயிற்றை அம்பலவாணர் காட்டினார்.

"இருக்கிறது. இந்தச் சன்னதியில் யார் சொன்ன சொல்லும் தரையில் விழாது என்று சொன்னேன். நீ கிளம்பு. அண்ணன் காத்திருக்கிறார்."