பிரதானியின் வெண்பா தாங்கிய பரண்

என் கணவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று காலை, முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்ன கதை இது. நினைவில் உள்ளபடி எழுதுகிறேன்.

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குத் தாமரைக் குளத்தை உயரத்தில் உட்கார்ந்து பார்க்க ஆசை வந்தது. உலகநாத ஆசாரி நான்கு உருண்டைக் கால்களில் பரண் கட்டத் தொடங்கினார். ராஜாவின் தலைமை மந்திரியான பிரதானி நரசிங்கராயர் குறுக்கே வந்தார்.

"முன்கால் அகலப் பலகையாக இருக்கட்டும். என் வெண்பாவைச் செதுக்க வேண்டும்."

"அவ்வளவு அகலம்னா பலகை மெல்லிசாத்தான் வரும். வளைஞ்சிடும், சாமி."

"சொன்னதைச் செய்."

ராஜா ஏறி உட்கார்ந்தார். பலகை வில்லாய் வளைந்து, பரண் குளத்துப் பக்கம் சாய்ந்தது. ராஜா தாமரைகளைக் கிட்டத்திலேயே பார்த்தார்.

சபையில் பிரதானி பழியை ஆசாரிமேல் போட்டார். சபையைச் சிரிக்க வைக்கும் விகடன் தாண்டவன் எழுந்தான்.

"மகாராஜா, குறை மரத்தில் இல்லை, வடிவத்தில்."

பிரதானிக்கு அவனைக் கண்டாலே ஆகாது. "அப்படியானால் அதே பலகையை இவனும் ஆசாரியும் சேர்ந்து நிறுத்தட்டும். வேறு மரம் சேர்க்கக் கூடாது, உயரம் குறையக் கூடாது, வெண்பாவில் ஓர் எழுத்தும் சிதையக் கூடாது."

"நாளை உச்சிவேளைக்குள் நிற்க வேண்டும்" என்றார் ராஜா. "இல்லையேல் ஆசாரி குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போக வேண்டும்."

ஆசாரி பலகைமுன் உட்கார்ந்துவிட்டார். "ரம்பம் வைக்க இடமே இல்லையே, தாண்டவா."

"வெண்பாவோட நாலடியையும் மேலேருந்து கீழா நாலு பத்தியா செதுக்கியிருக்கீரே, அண்ணே. நடுவுல எழுத்தில்லாம மூணு சந்து இருக்கு பாரும்."

ஆசாரி பார்த்தார். சிரித்தார். சந்துகளில் நெடுக அறுத்தார். நான்கு பட்டைகளையும் நீளப்பெட்டிபோல் சேர்த்து ஆணி அடித்தார். "இப்ப எந்தப் பக்கம் வளையும்? நாலு பக்கமும் ஒண்ணையொண்ணு பிடிச்சிருக்கே."

மறுநாள் ராஜா ஏறினார். கால் அசையவில்லை. "பிரதானி, நீரும் ஏறும்." பிரதானியும் ஏறினார். அப்போதும் அசையவில்லை. அவர் முன்காலை எட்டிப் பார்த்தார்.

"என் வெண்பா எங்கே?"

"உள்பக்கம் இருக்கிறது, பிரபு. ஓர் எழுத்தும் சிதையவில்லை. வெயில்கூடப் படாது" என்றான் தாண்டவன்.

"அதை யார் படிப்பது?"

"படிக்க வேண்டும் என்று தாங்கள் சொல்லவில்லையே."

ராஜா சிரித்த சிரிப்பில் குளத்துத் தவளைகள் தண்ணீருக்குள் பாய்ந்தன. தாண்டவனுக்கு முத்துமாலை கிடைத்தது. ஆசாரி வீட்டுக்குப் போனார். அவர் மனைவி, நாட்டை விட்டுப் போகக் கட்டி வைத்திருந்த மூட்டைகளை அவிழ்த்து, பானையை எடுத்து உலை வைத்தாள். அடுப்பு இருந்த இடத்தில்தான் இருந்தது.