ராஜா கையில் கொடுத்த பிள்ளை

முன்னொரு காலத்தில் குன்றைநாட்டை வேழமுடியான் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் கோபம் வந்துவிட்டால் அன்றைக்கே ஒரு சட்டம் போட்டுவிடுவான். ஒரு மழைக்காலத்தில் தனக்குச் சளி பிடித்ததற்காக, ஊரில் எவரும் தும்மக்கூடாது என்று தண்டோரா போட்டவன். அந்தச் சட்டங்களையெல்லாம் ராஜாவுக்கு வலிக்காமல் பிடுங்கிப் போடுவதே மந்திரி குழைக்காதருக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஒருநாள் இளவரசன் பட்டத்து யானையைக் கரும்புத் தோட்டங்களில் ஓட்டி நாசமாக்கிவிட்டான். குடியானவர்கள் சபைக்கே வந்து, "பெத்தவரு நீங்கதான் சாமி பதில் சொல்லணும்" என்றார்கள்.

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பெற்ற பாவத்துக்கு ஆயுசு முழுக்க நான் பதில் சொல்ல வேண்டுமா? இது என்ன நியாயம்?"

இந்தப் பேச்சுக்காகவே காத்திருந்தவர்போல் எழுந்தார் படைத்தலைவரான தளவாய் நரசிங்கர். மந்திரியின் செல்வாக்கைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தவர் அவர்.

"மகாராஜா, புருஷன் பெண்சாதியே துரும்பு கிள்ளிப் போட்டால் உறவு முறிந்துவிடுகிறது. பெற்றவர்களுக்கு மட்டும் ஏன் அந்த வழி இல்லை? சபையில் துரும்பு கிள்ளிப் போட்டால் பிள்ளையின் பொறுப்பு விட்டுப்போகும் என்று சட்டம் போடுங்கள்."

"பலே! போட்டேன்!" என்று தொடையைத் தட்டினான் ராஜா.

தளவாயின் அவசரம் எதற்கென்று குழைக்காதருக்குத் தெரியும். எல்லையில் படை பாளையம் இறங்கியிருந்தபோது தளவாய் தாலி கட்டிக் கைவிட்ட செண்பகவடிவு, கைக்குழந்தையோடு சபை வாசலில் நியாயம் கேட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"மகாராஜா, கொஞ்சம் யோசித்து…" என்று தொடங்கினார்.

"யார் யோசிப்பது?" தளவாய் சிரித்தார். "சத்திரத்து வாசலில் கிடந்த பிள்ளையா? அப்பன் பேர் தெரியாதவருக்குப் பெற்றவர்களைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?"

குழைக்காதரின் காது மடல் எரிந்தது.

"கிடக்கவில்லை தளவாயே. என்னைப் பெற்றவள் யாரோ, என்ன கஷ்டமோ! ஆனால் அவள் என்னைத் தரையில் போடவில்லை. பூக்கட்டிக்கொண்டிருந்த ஒருத்தியின் மடியில் வைத்துவிட்டுத்தான் போனாள்."

"கதை வேண்டாம்!" ராஜா உறுமினான். "உச்சிப்பொழுது முரசு முழங்குவதற்குள் என் சட்டத்தில் ஒரு ஓட்டை காட்டும். காட்டாவிட்டால் இன்றே நாட்டைவிட்டுப் போய்விடும்."

தளவாய் தாமதிக்கவில்லை. செண்பகவடிவை உள்ளே வரவழைத்து, அவள் கண்ணெதிரே துரும்பைக் கிள்ளிப் போட்டார். "விட்டது பொறுப்பு!"

குழைக்காதர் அவளருகே போய்த் தணிந்த குரலில், "அம்மா, நீயும் ஒரு துரும்பு கிள்ள வேண்டும்" என்றார்.

"ஐயோ! எம்புள்ளைய நான் ஏன் விடணும்?"

"விடச் சொல்லவில்லை. என்னை நம்பு."

"தாலி கட்டின ஆளை நம்பித்தான் ஐயா இங்க வந்து நிக்கிறேன்."

வெளியே முரசுக்காரன் தோலை வெயிலில் காய்ச்சித் தட்டிப்பார்க்கும் சத்தம் கேட்டது. "என்னைப் பற்றி தளவாய் சொன்னதை வாசலில் நின்று கேட்டாய் அல்லவா?" என்றார் குழைக்காதர் மெல்ல. "அப்படிப்பட்டவன் உன் பிள்ளையைக் கீழே விடுவானா?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு துரும்பைக் கிள்ளிப் போட்டாள்.

குழைக்காதர் குழந்தையை வாங்கினார். நேரே சிங்காதனத்துக்கு ஏறிப் போய், என்னவென்று ராஜா கேட்பதற்குள் அவன் கையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் படியடியிலேயே நின்றுகொண்டார்.

"என்ன இது?"

"உங்கள் சட்டப்படி அப்பனும் விட்டாயிற்று, ஆத்தாளும் விட்டாயிற்று மகாராஜா. இனி இது யார் பிள்ளை?"

குழந்தை வீறிட்டது. பட்டுப் பீதாம்பரத்தில் ஈரம் பரவியது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"தளவாயே, வாங்கும்!"

"நான் துரும்பு கிள்ளிவிட்டேனே மகாராஜா" என்றார் தளவாய்.

"வேறு யாராவது வாங்கித் தொலையுங்களேன்!"

புரோகிதர் பின்வாங்கினார். கருவூலம் காக்கும் பண்டாரக்காரர் தூணை ஆராய்ந்தார். அத்தனை பெரிய சபையில் ஒரு கை நீளவில்லை. ராஜா குனிந்து பிள்ளையைப் படியில் வைக்கப் போனான்.

"வையுங்கள்" என்றார் குழைக்காதர். "நாளைக்குக் காலையில் பாருங்கள், அந்தப் படி பிள்ளைகளால் நிறைந்திருக்கும்."

ராஜாவின் கை அந்தரத்தில் நின்றது. குழந்தை அவன் முத்துமாலையைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. அவ்வளவு பெரிய மனிதனுக்கு வியர்த்துக் கொட்டியது. முரசு முழங்கியது, அடங்கியது. ராஜா அப்படியே குனிந்திருந்தான். பிறகு மெல்ல நிமிர்ந்து பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"துரும்பு விழுந்துவிட்டது. பிள்ளை விழ மாட்டேன் என்கிறதே ஐயா" என்றான் தாழ்ந்த குரலில்.

"அதுதான் ஓட்டை மகாராஜா. முடியாதவர்கள் இருப்பார்கள், அவர்களைத் தண்டிக்க வேண்டாம். பொறுப்பு கை மாறலாம். ஆனால் ஒரு கை நீளும்வரை இன்னொரு கை விடக்கூடாது."

"அதுவே சட்டம்! வளர்க்க முடியவில்லை என்று அழுது வருகிறவர்களுக்கு முதலில் அரண்மனை கை நீட்டும்." ராஜா திரும்பினான். "தளவாயே, வசதி இருந்தும் உதறினீர். உமக்காக இங்கே ஒரு கையும் நீளவில்லை. ஆகவே உம்முடைய துரும்பு செல்லாது. உம்முடைய மாளிகை இன்று முதல் இந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் உரியது. நீர் குதிரை லாயத்துப் பக்கம் படுத்துக்கொள்ளும்."

தளவாய் தலை கவிழ்ந்து நின்றார். குழைக்காதருக்குத் தன் கழுத்துப் பதக்கத்தையே கழற்றிப் போட்டான் ராஜா. செண்பகவடிவு ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். தூணோரமாய் உட்கார்ந்து பாலூட்டி, அழுது ஓய்ந்த பிறகு மந்திரியிடம் கேட்டாள்:

"ராசா நெசமாவே தூக்கிப் போட்டிருந்தா என்ன ஐயா செஞ்சிருப்பீங்க?"

"அவர் கையில் கொடுத்த நேரம் முதல் என் கை நீண்டுதான் இருந்தது அம்மா" என்றார் குழைக்காதர். "அவருக்குத் தெரியாமல் இருக்க, அங்கவஸ்திரத்துக்குள்ளே வைத்திருந்தேன்."