நார் போட்ட பரண்

ஆனைமலை அடிவாரத்தில் ஒரு தியானக் கூடம். ஓலை வேய்ந்திருந்த காலத்தில் உள்ளே குளுகுளுவென்று இருந்ததாம். யாரோ ஒரு புண்ணியவான் தகரக் கூரை போட்டுக் கொடுத்தார். அவர் மகராசனாய் இருக்கட்டும். ஆனால் அன்றிலிருந்து சித்திரை பிறந்தால் கூடத்துக்குள் அப்பளம் பொரிக்கலாம்.

அதனால் வருஷா வருஷம் அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். இருபத்தைந்து நாள். சீடர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்புவார்கள். மற்றவர்களுக்கு அது லீவு. தணிகாசலத்துக்குத் தண்டனை.

தணிகாசலம் ரிட்டையர்டு ஓவர்சியர். அறுபத்து நாலு வயது. அரக்கோணத்தில் சொந்த வீடு, நல்ல வீடு. அந்த வீட்டு முன்ஹாலில்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் போன் அடித்தது. தம்பி பெயர் தெரிந்தது. இரண்டு பேருக்கும் ஏதோ பழைய மனத்தாங்கல். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டார். சாயங்காலம் தம்பி செத்துப்போன செய்தி வந்தது.

அவர் அழவில்லை. பந்தல் போட்டார், வேன் பிடித்தார், வந்தவர்களுக்குக் காபி கிடைத்ததா என்று பார்த்தார். ஓவர்சியர் அல்லவா! ஆனால் அந்த மணி மட்டும் காதுக்குள் நிற்கவே இல்லை. அந்த வீட்டுக்குப் போய் இருபத்தைந்து நாள் தனியாக உட்கார வேண்டும் என்று நினைத்தாலே அது இன்னும் பலமாக அடித்தது.

கூடத்துக்குக் குரு வடிவம்மா. நாற்பத்தொரு வயது. தணிகாசலத்துக்கு மகள் வயது இருக்கும். ஆனாலும் அவர் முன்னால் கைகட்டி நிற்பதில் மனிதருக்கு வெட்கமே கிடையாது. யாராவது கேலி செய்தால், “ஞானத்துக்கு யாராவது பர்த் சர்ட்டிபிகேட் கேப்பாங்களாய்யா?” என்பார்.

பங்குனி முடிகிற சமயம், ஒருநாள் தணிகாசலம் கேட்டே விட்டார்.

“அம்மா, கண்ணை மூடினா அந்த மணி அடிக்குது. நாமம் சொல்றேன், அதுக்கு மேல அடிக்குது. ரெண்டாயிரம் தடவை சொல்லிப் பாத்தாச்சு. அதை எப்படிம்மா அமுக்குறது?”

வடிவம்மா கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“கூடம் வேகுதே, ஐயா.”

கேட்டது ஒன்று, வந்த பதில் ஒன்று. தணிகாசலமும் அண்ணாந்தார். தகரம். அதற்குக் கீழே சுவருக்குச் சுவர் ஓடும் விட்டங்கள். விட்டத்துக்கு விட்டம் இரண்டடி. சும்மா கிடக்கிற இடம்! அவருக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஓவர்சியர் துள்ளி எழுந்தார்.

“அம்மா! இதுக்கு வழி இருக்கும்மா! விட்டத்துக்கு அடியில மூங்கில் தட்டி. நடுவுல தேங்காய் நார். மேல பலகை. சூடு எப்படி இறங்கும்? இறங்காது! கூடத்தைப் பூட்டவும் வேணாம். மேல ஒரு பரணும் ஆச்சு, சாமானெல்லாம் ஏத்திடலாம்!”

சாமான் என்ற வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், சமையல்கட்டிலிருந்து மாராத்தாள் கரண்டியோடு ஓடி வந்தாள். கூடத்தின் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது அவள் சொத்துதான். அண்டா, தவலை, அரிசி மூட்டை, பந்திப் பாய், பூசணிக்காய். தியானத்தில் உட்கார்ந்தவர்கள் பூசணிக்காய்க்கு முதுகைக் கொடுத்துத்தான் உட்கார வேண்டும்.

“நெசமாலுமேங்களா? என்ற அண்டாவுக்கு எடங் கெடைக்குமுங்களா?”

“அண்டா என்ன, நீயே ஏறிப் படுத்துக்கலாம்.”

“எலி குடித்தனம் வந்துருமுங்க.”

“வேப்பிலை போடறேன்.”

மாராத்தாள் யோசித்தாள். “அப்ப என்ற பூசணிக்காயத்தான் மொதல்ல ஏத்தோணும்” என்றாள்.

மறுநாளே வேலை தொடங்கியது. பொள்ளாச்சிப் பக்கம் நாருக்கா பஞ்சம்? நார் மில்லிலிருந்து குட்டியானை வண்டி நிறைய வந்து இறங்கியது. பொன்னிறமாய், மெத்துமெத்தென்று, ஆள் உயரத்துக்குக் குவியல். தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். பென்சில் காதில் ஏறியது. “பிடி! தூக்கு! அடி!” என்று அவர் போட்ட சத்தத்தில் தோப்பு மயில்களெல்லாம் பறந்துபோயின. அறுபத்து நாலு வயது முப்பத்து நாலாகிவிட்டது. அந்த நாட்களில் மணிச் சத்தத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை.

மூங்கில் தட்டியை அடித்தாயிற்று. விட்டங்களுக்கு நடுவில் நாரைப் பரப்பினார்கள். அங்கேதான் அவருடைய முப்பத்தைந்து வருஷ சர்வீஸ் முன்னால் வந்து நின்றது.

ரோடு போடும்போது மண்ணைக் கொட்டினால் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். இடிக்காத மண்ணுக்குத் தணிகாசலம் கையெழுத்துப் போட்டதே கிடையாது. பொலபொலவென்று கிடக்கிற எதைக் கண்டாலும் அவர் உள்ளங்கால் அரிக்கும்.

“இது என்னய்யா, காக்கா கூடு மாதிரி? இதுல சூடு பூந்து வந்துடாது?”

ஏறி நின்றார். மிதித்தார். நார் அமுங்கியது. மேலே இன்னும் கொட்டச் சொன்னார். மறுபடி மிதித்தார். ஒரு குட்டியானை நார் போதும் என்றிருந்தது, மூன்று வந்தது. கடைசியில் நார் கல்லாய் இறுகிக் கிடந்தது. தட்டிப் பார்த்தால் டொக்கென்றது. அவருக்குப் பரம திருப்தி. மேலே பலகையை வைத்து ஆணி அடித்துவிட்டார்.

வடிவம்மா தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒருநாள் மட்டும், “கால் வலிக்கலையா, ஐயா?” என்று கேட்டார்.

“வலிக்குதும்மா. பரவால்ல!” என்றார் தணிகாசலம் பெருமையாக.

அக்னி நட்சத்திரத்தின் முதல் நாள் வந்தது. ஒருவரும் ஊருக்குப் போகவில்லை. அண்டாவும் தவலையும் பூசணிக்காயும் பரணில் ஏறிவிட்டன. கூடம் காலியாகப் பெரிசாக இருந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். தணிகாசலம் தலைதீபாவளி மாப்பிள்ளை மாதிரி வெளுத்த வேட்டியில் நடுவில் உட்கார்ந்தார்.

கால் மணி நேரம் ஆயிற்று. ஒருவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். இன்னொருவர் சட்டையைக் கழற்றினார். அரை மணியில் கூடமே விசிறிக்கொண்டிருந்தது. பழைய வேக்காடுதான், அதில் வேப்பிலை வாசனை மட்டும் புதுசு.

தணிகாசலத்துக்கு மானம் போயிற்று. கண்ணை இறுக்கி மூடினார். உடனே உள்ளே மணி அடிக்க ஆரம்பித்தது. நாளைக்கு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். நாமும் அரக்கோணம் போக வேண்டியதுதான். அந்த ஹால், அந்த நாற்காலி, அந்தப் போன்.

அப்போதுதான் வடக்கு மூலையிலிருந்து மாராத்தாள் கத்தினாள்.

“ஏனுங்க! இங்க வந்து பாருங்க! இங்க மட்டும் சிலுசிலுன்னு இருக்குதுங்க!”

“சும்மா இரு, மாராத்தா. தியானம் நடக்குது.”

“தியானங் கெடக்குது, வாங்கன்னா!”

போய் உட்கார்ந்து பார்த்தார். மெய்தான்! மர நிழல் மாதிரி இருந்தது. எழுந்து நாலடி தள்ளி உட்கார்ந்தார். வெந்தது. திரும்ப மூலைக்கு வந்தார். குளிர்ந்தது. சீடர்கள் ஒவ்வொருவராய் வந்து உட்கார்ந்து, “அட!” “ஆமாய்யா!” என்று ஒருவர் மடியில் ஒருவர் விழுந்தார்கள்.

“ஜன்னலா?”

“இந்தப் பக்கம் ஏதுங்க ஜன்னலு?”

தணிகாசலம் ஏணிக்கு ஓடினார். பரணில் ஏறி, அண்டாவைத் தாண்டி, பூசணிக்காயை உருட்டிவிட்டு, தவழ்ந்துகொண்டே மூலைக்குப் போனார். அங்கே மட்டும் கூரை தாழ்ந்து வந்து சுவரைத் தொட்டது. ஆள் நிமிர முடியாது. கடப்பாரையால் ஒரு பலகையை நெம்பினார்.

நார் வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே பொலபொலவென்று கிடந்தது. நிற்க முடியாத இடம் என்பதால் அதைக் கையால் தூவியதோடு விட்டிருந்தார். மிதிக்கவில்லை.

ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கீழே இருந்தவர்கள், மனுஷனுக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்றே நினைத்தார்கள்.

“டேய் தணிகாசலம்! முட்டாப் பயலே! மூணு வண்டி நாரை, உள்ள காத்து நிக்க விடாம, மிதிச்சுக் கொன்னுட்டியேடா!” என்று தன்னையே திட்டிக்கொண்டு, தலையை நீட்டிக் கத்தினார்: “எல்லாரும் மேல வாங்கய்யா! பலகையைப் பிடுங்கணும்!”

அப்புறம் நடந்தது திருவிழா. பலகைகள் பறந்தன. பத்துப் பேர் உட்கார்ந்து கெட்டித்துப்போன நாரைப் பிய்த்து உதறினார்கள். தூசியில் ஆளாளுக்குத் தும்மல். மாராத்தாள் நீர்மோரை ஏணியில் ஏற்றி அனுப்பிக்கொண்டே, “மிதிச்சவிங்களுக்கு மோரு கெடையாது” என்றாள். முதல் வரிசை முடிந்ததும் அதற்கு நேர் கீழே ஓடிப்போய் உட்கார்ந்து பார்த்தவர் ஒருவர், “குறையுதுய்யா, சூடு குறையுது!” என்று குதித்தார். இரண்டு வண்டி நார் மிஞ்சிப்போய் வாசலில் மலையாய்க் குவிந்தது.

நாலு மணி இருக்கும். மற்றவர்கள் மோர் குடிக்க இறங்கிவிட்டார்கள். தணிகாசலம் மட்டும் மேலே இருந்தார். தலை, மீசை எல்லாம் நார்த்தூள். வடிவம்மா ஏணியில் ஏறி வந்து விட்டத்தில் உட்கார்ந்தார்.

“ஜெயிச்சுட்டோம்மா!” என்றார் தணிகாசலம். “நாளைக்குப் பூட்ட வேணாம். நான் ஊருக்குப் போக வேணாம்.”

“போக வேணாம், ஐயா.”

“என் கேள்வி ஒண்ணு பாக்கி இருக்கும்மா.”

“கேளுங்க.”

“தம்பி கூப்பிட்டான். நான் எடுக்கல. அந்த மணியை எப்படி...”

அமுக்குவது என்ற வார்த்தை வாய்வரை வந்து நின்றுவிட்டது. அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. மூன்று வருஷமாகச் செய்கிற மாதிரி, அதை உள்ளே தள்ளி விழுங்கப் பார்த்தார். உதட்டைக் கடித்து, பேச்சு பிசகாமல் இருப்பதற்காக விறைப்பாக நிமிர்ந்து நின்றார்.

வடிவம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, அவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்தார். அப்போதுதான் உதறிப் போட்ட நாரின் மேல், இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தார் மனிதர்.

“காலை எடுங்க, ஐயா.”