ஐம்பத்தெட்டாவது பெட்டி

காரிக்குளம் ஸ்டேஷன் மாஸ்டர் தங்கப்பழம் தண்டவாளத்தில் காதை வைத்தால், வருகிற வண்டியின் டிரைவர் காலையில் சாப்பிட்டது இட்லியா தோசையா என்று சொல்லிவிடுவார் என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவர்தான்.

அடுத்த வருடம் ரிட்டயர்மெண்ட். அதன்பிறகு பல்கலைக்கழக வகுப்பில் உட்கார்ந்து எம்.எஸ்சி. கணிதம் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. நுழைவுத் தேர்வில் மூன்று பகுதிகள்: கணக்கு, தர்க்கம், கட்டுரை. ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். இரண்டு வருடமாகக் கட்டுரையில் கோட்டைவிட்டார். மூன்றாவது முறைக்கு இன்னும் எட்டு நாள்.

பயிற்சி வகுப்பு ஆசிரியை ஜெபராணிக்கு வயது இருபத்தேழு. தங்கப்பழம் எழுதிய மாதிரித் தேர்வுத் தாளோடு ஸ்டேஷனுக்கே வந்துவிட்டாள்.

"கணக்குல தொண்ணூற்றேழு மிஸ், பாத்தீங்களா? உங்க வகுப்புல எந்தப் பொடியன் எடுத்தான்?"

"யாரும் எடுக்கல சார். கட்டுரை அரைப் பக்கத்துல நிக்குதே?"

"கணக்குப் படிக்கப் போறவனுக்குக் கட்டுரை எதுக்கு மிஸ்?"

தூரத்தில் கூட்ஸ் வண்டி கூவியது. தங்கப்பழம் தொப்பியை மாட்டி, பச்சைக் கொடியோடு வெளியே போய் நின்றார். அவளும் போய் நின்றாள்.

எஞ்சின் கடந்தது.

"எஞ்சின்தான் போயாச்சே. உள்ள போலாமா சார்?"

"இருங்க."

நாற்பது பெட்டி போயிற்று. வெயில் மண்டையைப் பிளந்தது.

"எல்லாம் ஒரே மாதிரிதானே சார் போகுது? இன்னும் என்ன பாக்குறீங்க?"

தங்கப்பழத்துக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது.

"கடைசிப் பெட்டியில ஒரு பலகை தொங்கும் மிஸ். அதைக் கண்ணால பாத்தாத்தான் வண்டி முழுசா வந்ததா அர்த்தம். நடுவுல கொக்கி கழண்டு நாலு பெட்டி பின்னால நின்னுபோச்சுன்னா? பின்னாடி வர்ற வண்டி அதுமேல ஏறிடும். முப்பத்தோரு வருஷமா ஒரு வண்டிக்குக்கூட நான் பாதியில உள்ள போனதில்ல."

"ஒண்ணுக்குக்கூடவா?"

"என் கல்யாணத்தன்னைக்கு, தாலியைக் கையில வாங்கிட்டேன். மண்டபத்துக்குப் பின்னால கூட்ஸ் போச்சு. ஐம்பத்தெட்டு பெட்டி. கடைசிப் பலகையைச் சன்னல் வழியா பாத்தப்புறம்தான் கட்டினேன். அதுவரைக்கும் நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்தை நிறுத்தல. பாவம், அப்புறம் ஒரு மாசம் அவருக்கு ஊதவே வரல."

கடைசிப் பெட்டி வந்தது. பலகை தெரிந்தது. கார்டு பச்சைக் கொடியை ஆட்டினார். இவரும் நெஞ்சை நிமிர்த்தி ஆட்டினார்.

உள்ளே போய் முந்தின ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். "காரிக்குளம். கூட்ஸ் முழுசா வந்துருச்சு." மாப்பிள்ளை அழைப்பில் பேசுகிற குரல்.

ரிசீவரை அவர் வைப்பதற்குள், ஜெபராணி அந்தத் தேர்வுத் தாளை மேஜைமேல் விரித்தாள். கணக்கு. தர்க்கம். அரைப் பக்கம் எழுதி, மீதி வெள்ளையாகக் கிடந்த கட்டுரை.

"அப்படியே இதுவும் முழுசா வந்துருச்சுன்னு சொல்லிடுங்க சார்."

தங்கப்பழம் தாளைப் பார்த்தார். ரிசீவர் காதிலேயே இருந்தது.

"காரிக்குளம்," என்றது மறுமுனைக் குரல், "இன்னும் ஏதாவது சொல்லணுமா?"