நகராத புள்ளி

சந்தியாகுவுக்கு அறுபத்தொரு வயது. உரிமம் வாங்கித் தனியாட்கள் இயக்கும் ஹாம் ரேடியோவை அவருக்குக் கற்றுக்கொடுத்த பொன்மாரிக்கு முப்பத்திரண்டு. மகள் வயதுக்காரியிடம் கைகட்டிப் பாடம் கேட்கிறாரே என்று தூத்துக்குடிக் கடற்கரையில் கேலி பேசாத வாய் இல்லை. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகன் ரெக்ஸனும் அவளிடம்தான் படித்தான்.

ரெக்ஸன் படகில் ஒரு சின்ன ரேடியோ இருந்தது. படகு நிற்கும் இடத்தை, அவன் பெயருக்கு உரிய அழைப்புக் குறியோடு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது காற்றில் அனுப்பும். கேட்கிறவர்களின் திரையில், கடல் வரைபடத்தில், ஒரு புள்ளி விழும்.

பன்னிரண்டு நாளுக்கு முன் அடித்த சூறைக்காற்றில் புள்ளி வருவது நின்றது; படகும் கரை திரும்பவில்லை. தேடிப் போனவர்கள் ஒரு வாரத்தில் கையை விரித்துவிட்டார்கள். ஏழு நாள் பேசாத ரேடியோவின் புள்ளியை வரைபடமும் அழித்துவிடும். ஆனால் எட்டாம் நாள், கடைசியாக விழுந்த அதே இடத்தில் புள்ளி மறுபடி விழுந்தது.

இன்று காலை சந்தியாகு பொன்மாரியின் ரேடியோ அறைக்கு வந்து நின்றார்.

“டீச்சர், தொலைஞ்சு போனவனை எத்தனை நாள் தேடணும்?”

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“நாலு நாளா இந்தப் புள்ளி எங்க நிக்கு, அண்ணாச்சி?”

“அதே இடத்துலதான்.”

“நங்கூரம் போட்ட படகுகூட நீரோட்டத்துக்கு இருபது அடியாவது நகரும். இது ஒரு சாண்கூட நகரலை.”

நாற்பது வருடம் கடலில் கிடந்த மனிதருக்கு அவள் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் தலை குனிந்தார். நாலு நாளாக வீட்டுக்குப் போகாமல், பழைய ஐஸ் கம்பெனி மொட்டைமாடியில் ரேடியோவோடு குந்தி, மகனுடைய அழைப்புக் குறியைப் போட்டுப் படகு கடைசியாக இருந்த இடத்தை அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

“அழிஞ்சிரும்னு பயமா இருந்துச்சு டீச்சர். அதுவும் போயிட்டா அவன் எங்க இருக்கான்னு நான் எதைக் காட்டுவேன்?”

“உங்க தங்கச்சி மகன் அருளும் அவன் தம்பிமாரும் புள்ளியைப் பாத்துட்டு டீசல் ஏத்திட்டு நிக்காங்க. ரெக்ஸன் உசுரோட இருக்கான்னு கிளம்புறாங்க. காத்து எப்படி அடிக்குன்னு கேளுங்க.”

ஜன்னல் கதவு படபடவென்று அடித்தது. சந்தியாகு செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

கரையில் மூன்று பேர் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். “போகாதீங்கடா! அது அவன் இல்ல. நான்தான் அனுப்புனேன்,” என்றார். அருள் அவரைப் பார்த்தான். பிறகு படகை மேலே இழுத்துக் கயிற்றைத் திரும்பக் கட்டினான். நாலு ஏச்சு ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு இரைத்தது. தன் ரேடியோவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இனி அவன் பேர்ல அனுப்ப மாட்டேன், டீச்சர்.”

“சரி.”

“இன்னும் ஏழு நாள்ல புள்ளி போயிரும்.”

“போயிரும்.”

சந்தியாகு அழுதார். அவள் தடுக்கவில்லை. அழுது முடித்தபின் கேட்டாள்.

“இந்தப் பன்னிரண்டு நாள்ல உங்க அழைப்புக் குறியைப் போட்டு, உங்க இடத்தை ஒரு தடவையாவது அனுப்புனீங்களா?”

“இல்ல.”

“ஏன்?”

“நான் கரையிலதானே இருக்கேன். என்னை யாரு தேடுறா?”

பொன்மாரி ரேடியோவை அவர் பக்கம் மெல்லத் தள்ளி வைத்தாள்.

“விடியக்காலையில உங்க வீட்டம்மா இங்க வந்தாங்க, அண்ணாச்சி. ரெக்ஸனைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. நீங்க எங்க இருக்கீங்கன்னுதான் கேட்டாங்க.”